வெட்டாத நாற்பது நிமிடம்

வேலை காலியாக இருக்கிறது என்ற செய்தியை, கால்பந்து மைதானத்தில் மைக் பிடித்துப் பேசியே ரேடியோ என்று பேர் வாங்கியவனுக்குக் கொண்டுவந்தவர் மைக்செட்காரர். குளிர்க்கிடங்கின் கேட்டுக்கு வெளியே, லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் தன் வண்டியைச் சாய்த்துவிட்டு, மத்தியான இடைவேளை விடும்வரை காத்திருந்து, போனை எடுத்து நீட்டினார்.

“படி. கண்ணாடி இல்லாம நானே நாலு தரம் படிச்சிட்டேன்.”

ரேடியோ உடனே படிக்கவில்லை. மைனஸ் பதினெட்டில் உறைந்த கறிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தால் முதல் இரண்டு நிமிடம் கண்ணில் தண்ணீர்தான் ஓடும். விரல் போனைத் தொட்டாலும் போன் அதை ஒரு விரலாகவே மதிக்காது. அவனுக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போன குளிர்காலத்திலிருந்தே மரத்துக் கிடந்தன. கம்பெனி டாக்டர் இரண்டையும் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் உள்ளே நின்னா இதுங்களை மறந்துட வேண்டியதுதான்” என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் விட்டுவந்த குடையைப் பற்றிப் பேசுவதுபோல்தான் சொன்னார்.

மைக்செட்காரரே படித்துக் காட்டினார். ஒரு விளையாட்டு டிவி, வட்டார கால்பந்துப் போட்டிகளை நேரலையாகக் காட்டப் போகிறது. அதற்கு வர்ணனையாளர் ஒருவர் தேவை. வயது முப்பத்தைந்துக்குள். படிப்பு முக்கியமில்லை, குரல்தான் முக்கியம். விண்ணப்பிப்பவர் ஒரு பாதி ஆட்டம் முழுவதும் ரசிகர்கள் முன்னால் பேசிய ஒலிப்பதிவை அனுப்ப வேண்டும். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, எங்கேயும் வெட்டாமல், ஒட்டாமல். நன்றாக இருப்பவற்றை டிவியின் இணையப் பக்கத்தில் எல்லோரும் கேட்கும்படி போடுவார்கள். கடைசி நாள் திங்கட்கிழமை.

ரேடியோவுக்கு முப்பத்தைந்து நிறைய மூன்று மாதம் இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றான். “பதிவுக்கு எங்கே போறது? சீசன் முடிஞ்சு போச்சே.”

மைக்செட்காரர் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான்.”

எது என்று கேட்க வாயைத் திறந்தபோதே ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது.

“ஃபைனல்தான்” என்றார் மைக்செட்காரர். “ஃபைனலாச்சேன்னு அன்னிக்கு மட்டும் ரெகார்டு போட்டேன். முதல் பாதி முழுசா இருக்கு. நாற்பது நிமிஷம். நீ அன்னிக்குப் பேசின மாதிரி என்னிக்கும் பேசினதில்ல ரேடியோ. அதையும் சொல்லத்தானே வேணும்.”

*

ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் அந்த லீக் என்பது உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் லீக். குளிர்க்கிடங்குக்கு ஒரு அணி, பஸ் டிப்போவுக்கு ஒன்று, இரும்புப் பட்டறைக்கு ஒன்று, இப்படி எட்டு. மைதானம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது. நேரம் முடிந்தால் அடுத்த ஆட்கள் வந்து கோல் கம்பத்தின் அடியிலேயே பாயை விரித்த மாதிரி நின்றுகொள்வார்கள். ஆட்டம் பாதியில் நின்றாலும் நின்றதுதான். அதனால் ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் ஜெயிக்கிற அணிக்காரன் ஒவ்வொருவனாகக் கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான். நேரம் கரையும். தோற்கிற அணி உதைக்க வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அது மண்டை உடைகிறவரை போய்விட்டது.

அதன் பிறகுதான் பத்து எண்ணும் சட்டம் வந்தது. அதைப் போட்டது ரேடியோ. ஒருவன் விழுந்தால் யாரும் மைதானத்துக்குள் ஓடக் கூடாது. மைக்கில் ரேடியோ பத்துவரை எண்ணுவான், கூட்டமும் சேர்ந்து எண்ணும். பத்துக்குள் எழுந்தால் ஆட்டம் தொடரும். எழாவிட்டால் முதலுதவிக்காரர் பையும் தூக்குக்கட்டிலுமாக வருவார். விழுந்தவன் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். இந்தச் சட்டம் வந்த மறுவாரமே உருளுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். முந்நூறு பேர் சிரித்துக்கொண்டே எண்ணும்போது எட்டுக்கு மேல் படுத்திருக்க எவனுக்கும் மனசு வராது. மூன்று வருடத்தில் பத்தைத் தாண்டியவர்கள் நான்கு பேர். நாலும் கணுக்கால்.

ஐந்தாவது ஆள் ரேடியோவின் தங்கை புருஷன்.

அவனும் அதே கிடங்கில்தான், இரவு ஷிஃப்டில். வலது ஓரத்தில் ஓடுவான், லீக்கிலேயே வேகமான கால். விழுவதிலும் லீக்கிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மைக்கில் ரேடியோ அவனை “நம்ம வீட்டு மாப்ள” என்று சொல்லிச் சொல்லி மைதானமே அவனை மாப்ள என்றுதான் கூப்பிட்டது. ஃபைனல் அன்றைக்கு ஆள் வராததால் இரவு ஷிஃப்டோடு காலையில் பாதி ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு, குளிரிலிருந்து நேராக வெயிலுக்கு வந்திருந்தான். ஒரு கோல் அவன் போட்டான். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பந்து எங்கேயோ இருக்க, பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல், தானாக விழுந்தான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காற்று தட்டிவிட்டதாகவும், காற்றுக்கு மஞ்சள் அட்டை கொடுக்க வேண்டும் என்றும் ரேடியோ மைக்கில் சொன்னான். பிறகு எண்ணினான். ஏழில் நிறுத்தி, “மாப்ள, தங்கச்சி எங்கிட்ட சண்டைக்கு வருவா, எழுந்திரு” என்றான். சிரிப்பு அடங்காததைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு மட்டும் சலுகை என்று சொல்லி மறுபடி ஐந்திலிருந்து ஆரம்பித்தான். முதலுதவிக்காரர் கோட்டுக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டப்படி, நின்றுகொண்டிருந்தார். பத்து முடிய ஒரு நிமிடமும் பத்து நொடியும் ஆயிற்று. தூக்குக்கட்டில் போனது, ரெஃப்ரி ஊதினார், இடைவேளை. பதிவு அதோடு முடிகிறது. உடை மாற்றும் அறைக்குப் பின்னாலிருந்து முதலுதவிக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தது அதற்குப் பிறகு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டது ஒரே ஒரு கேள்வி. “விழுந்ததும் ஓடினாங்களா அண்ணே?”

“உடனே ஓடினாங்க” என்றான் ரேடியோ. “விழுந்த நொடியே உயிர் போயிடுச்சும்மா. யாரு என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்ல.”

சுற்றி நின்றவர்களில் பத்துப் பேராவது அன்று வாய்விட்டு எண்ணியவர்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. முன்னாடியே ஓடியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடமும் யாரும் கேட்கவில்லை. ஆறு வாரம் ஆயிற்று.

*

“அந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்க” என்றாள் மனைவி. கேட்டதும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள். மூன்று மாதமாகப் பொத்தான் அவள் வேலை.

“வெட்டக் கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“போட்டிருந்தா? யாரு உக்காந்து பாக்கப் போறா?”

“அதுக்குன்னே ஆள் வெச்சிருப்பான். அதுவுமில்லாம கடிகாரம் ஓடற மாதிரி நிமிஷம் நிமிஷமா சொல்லிட்டே வர்றேன். முப்பத்தெட்டுக்கு அப்புறம் நாற்பதுன்னு வந்தா குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்.”

“அப்ப வெட்டாமலே அனுப்புங்க. டிவிக்காரன் என்ன, உங்க தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து போட்டுக் காட்டுவானா?”

“நெட்ல அவங்க பக்கத்துல போடுவாங்களாம்.”

“அவ அதெல்லாம் பாக்கற ஆளா?”

“அவ பாக்க மாட்டா. பார்த்துட்டு வந்து சொல்றதுக்குத்தான் ஊர் இருக்கே.”

மனைவி கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். அவள் ஒரு லாண்டரியில் ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்து மடிக்கிறவள். பேச்சையும் நாலாக மடித்து நறுக்கென்று வைத்துவிடுவாள்.

“போன வாரம் வெளியில நின்னு பூட்டுல சாவியைத் திருப்ப முடியாம திணறினீங்களே, அஞ்சு நிமிஷம். நான் உள்ளதான் இருந்தேன். கதவைத் திறந்தா உங்க மூஞ்சியைப் பாக்கணுமேன்னு திறக்கலை. இனிமே நீங்க என்ன முடிவு எடுத்தாலும் அதையும் சேத்து எடுங்க.”

அவன் எந்த முடிவும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு, யாரோ யாருடனோ ஆடிய பழைய ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லிப் போனில் பதிந்து பார்த்தான். திருப்பிப் போட்டுக் கேட்டால், குளியலறையில் அகப்பட்டுக்கொண்டவன் உதவிக்குக் கூப்பிடுவதுபோல் இருந்தது. கூட்டம் இல்லாமல் அவன் குரலுக்கு முதுகெலும்பு கிடையாது. முந்நூறு பேர் ஆ என்றால்தான் அவனுக்கு அடுத்த வார்த்தை வரும். அதுவும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை கிடங்கு முழுவதும் விஷயம் பரவிவிட்டது. மைக்செட்காரர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் பெட்டிகளை அவன் முன்னால் இறக்கிவிட்டு எஞ்சினை அணைக்காமலே சொன்னான்:

“போயிடு ரேடியோ. நாங்க இங்க உறைஞ்சு கிடக்கறதை நீ டிவியில உக்காந்து வர்ணி. ‘இதோ பாருங்கள், பெட்டியோடு பெட்டியாக ஒருவர்.’”

“டேய், அவன் எங்கடா அனுப்பப் போறான்” என்றார் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர். “அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நீயும் நானும்தானே எண்ணினோம்.”

ஃபோர்க்லிஃப்ட்காரன் வண்டியைப் பின்னால் எடுத்தான். குளிரில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். அடுத்த அரை மணி நேரம் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் புகை வரவில்லை.

தங்கையிடம் சொல்லாமல் அனுப்பினால் என்றைக்காவது அவளுக்குத் தெரியும். அனுப்பாமலே விட்டால் யாருக்கும் தெரியாது, விரல் மட்டும் போகும். இரண்டில் எது மேல் என்று அவன் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்தத் தட்டும் இறங்கவில்லை. தங்கையிடம் சொல்லிவிட்டு அனுப்புவது என்ற மூன்றாவது வழி இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவனுக்கு உறைத்தது. அது நேர்மையான வழி மாதிரியும் இருந்தது. போனில் பதிவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

*

தங்கை இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். கட்டில் முழுக்க, பாதி தைத்த குளிர் ஜாக்கெட்டுகள் கை விரித்துக் கிடந்தன. ஜிப் வைப்பதுதான் அவள் வேலை. அவன் கிடங்கில் போட்டுக்கொள்கிற ஜாக்கெட்டில்கூட அவள் வைத்த ஜிப் இருக்கலாம்.

“உக்காருண்ணே. அதுங்களைத் தள்ளிட்டு உக்காரு. அண்ணி வரலையா?”

“அவளுக்கு டியூட்டி.”

“கை எப்படி இருக்கு?”

“இருக்கு.”

அவள் மெஷினை நிறுத்தாமலே பேசினாள். அவனுக்கு அது வசதியாக இருந்தது. வேலை காலியாக இருப்பதைச் சொன்னான், வயதைச் சொன்னான், பதிவு கேட்கிறார்கள் என்பதைச் சொன்னான்.

“போக வேண்டியதுதானே. இதுக்கு எங்கிட்ட வந்து என்ன கேக்கறே? மைக் கிடைச்சா நீ சோறு தண்ணிகூடக் கேக்க மாட்டேன்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு.”

“பதிவு அன்னிக்கு மேட்ச்சோடது.”

மெஷின் நின்றது.

“அவர் குரல் இருக்கா அதுல?”

“அவன் குரல் இல்ல. என் குரல்தான். அவனைப் பத்தித்தான் பாதிக்கு மேல பேசியிருக்கேன்.” ரேடியோ ஜாக்கெட் ஒன்றின் கையைப் பிடித்து மடித்து மடித்து விட்டான். “கடைசியில ஒரு இடம் இருக்கும்மா. அதை நீ வேற யார் வாயிலயாவது கேக்கறதுக்கு முன்னாடி…”

“போடு” என்றாள்.

“முழுசா வேணாம். நானே சொல்லிடறேன்.”

“நீ ஏற்கெனவே சொல்லியிருக்கே. இப்ப அது சொல்லட்டும். போடு.”

நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்துப் போட்டான். கூட்டத்தின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு அவன் குரல். அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய குரல். அவள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வலது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோனான். டிப்போக்காரர்கள் இரண்டு பேரை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்கவைத்துவிட்டுப் போனான். அதைக் கேட்டு அவள் சிரித்தேவிட்டாள். “ஆமா, அப்படித்தான் ஓடுவாரு” என்றாள். கோல் விழுந்தபோது ரேடியோ மைக்கில் போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அவன் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ பேசியிருக்கிறான்; அவளைப் போலக் கேட்ட ஆள் ஒருவரும் கிடையாது. அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை முப்பத்தெட்டு நிமிடம் உயிரோடு ஓடினான். பதிவு அங்கேயே அறுந்துபோகக் கூடாதா என்று ரேடியோவுக்கு இருந்தது.

அறுந்துபோகவில்லை. விழுந்தான். காற்றுக்கு மஞ்சள் அட்டை. ஒன்று, இரண்டு.

அவள் முதலில் புரியாமல் அவனைப் பார்த்தாள். ஐந்துக்கு வந்தபோது புரிந்துகொண்டு, பார்வையை எடுத்துப் போன்மேல் வைத்தாள். ஏழு. “மாப்ள, தங்கச்சி எங்கிட்ட சண்டைக்கு வருவா, எழுந்திரு.” சிரிப்பு. மறுபடி ஐந்து. அவள் இமைக்கவில்லை. தூக்குக்கட்டில், விசில். “மாப்ளைக்கு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட், நமக்குப் பத்து நிமிஷம் இடைவேளை. தண்ணி குடிச்சிட்டு வாங்க, எங்கேயும் போயிடாதீங்க.” முடிந்தது.

தெருவில் ஒரு வண்டிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அவன் போனபிறகு அவள் கேட்டாள்:

“எல்லாரும் எண்ணினாங்களா?”

“எண்ணினாங்க.”

“முதலுதவிக்காரரு?”

“கோட்டுக்கிட்டதான் நின்னாரு. பத்து ஆகாம உள்ளே வரக் கூடாது. நான் போட்ட சட்டம்.”

“ஏழுல நிறுத்தினியே, அப்ப அவர் அசைஞ்சாரா?”

ரேடியோ அதைப் பார்த்திருந்தான். மாப்பிள்ளையின் இடது கை புல்லைப் பிடித்தது. பிடித்து விட்டது. நாடகத்தை எவ்வளவு அழகாகப் போடுகிறான் என்று நினைத்துத்தான் அவன் மறுபடி ஐந்துக்குப் போனான்.

“அசைஞ்சான்” என்றான். “கை.”

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல.

“நான் உன்னைத் திட்டப் போறதில்லண்ணே. நீ வேணும்னு செய்யலை, அது எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணுதான். ‘உடனே ஓடினாங்க’ன்னு சொன்னே பாரு. ஆறு வாரமா அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் தூங்கிட்டு இருந்தேன். படுத்தா அதைச் சொல்லிக்குவேன். உடனே ஓடினாங்க, உடனே ஓடினாங்க. தூக்கம் வந்துடும்.”

“அதனாலதாம்மா சொல்ல வேணாம்னு…”

“இப்ப சொல்லிட்டே. உனக்கு ஒரு வேலை காலின்னு வந்ததும் சொல்லிட்டே.”

“நான் அனுப்பலை” என்றான். “அனுப்பவே இல்லை, விடு. இந்த வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

“அனுப்பு.”

“வேணாம்மா.”

“அனுப்புண்ணே. நீ அனுப்பலைன்னா சும்மா வந்து என் தூக்கத்தைக் கெடுத்துட்டுப் போனதா ஆயிடும். கெடுத்தது கெடுத்தே, அதுக்கு உன் விரலாவது மிஞ்சட்டும்.” போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். “இங்கேயே அனுப்பு. நான் பாக்கணும்.”

அனுப்பினான். விரல் சரியாகப் படாமல் இரண்டு தரம் தவறிப்போய், மூன்றாவது தரம் அவள்தான் பொத்தானைத் தொட்டாள். பதிவு பெரியது, ஏறுவதற்கு நேரம் பிடித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கும் ஒண்ணு போட்டு விடு” என்றாள் பிறகு.

“முப்பத்தெட்டாவது நிமிஷத்தோட வெட்டித் தரச் சொல்றேன். மைக்செட்காரர் செஞ்சு குடுப்பாரு. அவன் ஓடறது மட்டும் இருக்கும்.”

“வெட்டினதைத்தான் இத்தனை நாள் கேட்டேனே. முழுசா போட்டு விடு.”

அவன் படியிறங்கும்போது மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு ஜிப்பின் தூரம் ஓடி நின்றது. அதன் பிறகு ஓடவில்லை.

*

புதன்கிழமை மத்தியான இடைவேளையில் வெளியே வந்தபோது போனில் மூன்று அழைப்புகள் விட்டுப்போயிருந்தன. கையைக் கக்கத்தில் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டான். எடுத்தது டிவி ஆபீஸில் ஒரு பையன்; சின்ன வயசுக் குரல், உற்சாகமான குரல்.

“சார், நீங்களா. உங்களைத்தான் பிடிக்க முடியலை.”

ரேடியோவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, லாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

“நூத்திச் சொச்சம் பதிவு வந்துச்சு சார். பாதிப் பேரு பேப்பரைப் பாத்துப் படிக்கறான். உங்களோடதை ஆபீஸ்ல ஒன்பது பேர் சேர்ந்து உக்காந்து கேட்டோம். அந்தப் பத்து எண்ற இடம் இருக்கே, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். அதுவும் ஏழுல நிறுத்தி மறுபடி அஞ்சுக்குப் போனீங்க பாருங்க. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது சார். ஆமா, யாரு அந்த மாப்ள? கடைசியில எழுந்தாரா இல்லையா?”

“எழுந்திருக்கலை” என்றான் ரேடியோ. “அங்கேயே இறந்துட்டான். என் தங்கச்சி புருஷன்.”

மறுமுனையில் யாரோ ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அது பதிவுல தெரியலையே சார்.”

“தெரியாது. அப்ப எனக்கே தெரியலை.”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.”

ரேடியோ லைனில் இருந்தான். போனில் டிவியின் விளம்பரப் பாட்டு ஓடியது. நாலு தரம் ஓடியது. ஐந்தாவதில் குரல் திரும்ப வந்தது. இந்தத் தடவை உற்சாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தது.

“மேலே பேசினேன் சார். அந்தப் பதிவைப் பக்கத்துல போட வேணாம்ங்கறாங்க. ஆனா ஆள் நீங்கதான், அதுல மாத்தமில்ல. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க. இந்த விஷயம் மட்டும் வெளியில போக வேணாம். பதிவைப் பத்தி யாராவது கேட்டா, அவர் எழுந்து ரெண்டாவது பாதி ஆடினாருன்னு சொல்லிடுங்க.”

“அப்படிச் சொல்ல மாட்டேன்.”

“சார்?”

“ஒருத்தர்கிட்ட ஒரு தடவை அப்படிப் பொய் சொல்லிட்டேன். இனிமே கேட்டா, உள்ளதைத்தான் சொல்லுவேன்.”

மறுமுனையில் பையன் லேசாக மூச்சு விட்டான். “சரி சார். யாரு கேக்கப் போறா? விடுங்க. வர்றீங்கதானே?”

வருகிறேன் என்பதற்கு முன்னால் ரேடியோவுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“உங்க மேட்ச்சுல ஆள் விழுந்தா யாரு முதல்ல ஓடறது?”

“அது நம்ம வேலை இல்ல சார்” என்றான் அந்தப் பையன், ஆறுதல் சொல்கிற குரலில். “அதுக்கெல்லாம் வேற ஆள் இருக்காங்க. நமக்கு மைக் மட்டும்தான்.”

லாரியின் நிழல் காலடிவரை வந்திருந்தது. கக்கத்திலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். மூன்று விரல் சிவந்திருந்தது, இரண்டு வெளுத்திருந்தது. தங்கை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லை.

“வர்றேன்” என்றான்.

“ரேடியோ,” என்று மேற்பார்வையாளர் பிளாட்பாரத்திலிருந்து கூப்பிட்டார், “பேசினது போதும். ரெண்டு வண்டி இறங்காம நிக்குது.”

திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் ஷிஃப்ட் பாக்கி இருந்தது. அவன் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.